மானாவாரிக் கம்பும் மாறிவரும் சீதோஷ்ணமும்

பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் மீன்பிடித்தலே முதன்மையான தொழிலாயினும், குடியிருப்புக்கு அப்பால் மணற்பாங்கான துண்டு நிலங்களில் புரட்டாசிப் பட்டத்துக்குக் கம்பும் கேழ்வரகும் விதைக்கும் குடும்பங்கள் சில உண்டு. முகத்துவாரம் மணல் தூர்ந்து ஏரியில் மீன்வரத்துக் குறையும் மாதங்களில், பானையிலுள்ள அத்தானியமே அவர்களுக்குக் கூழாகிறது. ஆகையால், "வெயில் வரவர ஏறுகிறதே, மழையும் பருவத்தில் பெய்வதில்லையே, இனி இந்தத் தானியம் விளையுமா?" என்று அவர்கள் கேட்பது வீண் கேள்வியன்று. இதற்கு விடை காண ஆராய்ச்சியாளர் கையாளும் 'பயிர் மாதிரி' என்னும் கணக்கு முறையைப் பற்றியும், அதை நான் பிழைபடக் கையாண்டதால் நேர்ந்ததைப் பற்றியும் இங்கு எழுதுகிறேன்.

பயிர் மாதிரி என்பது, விதை முளைத்தது முதல் கதிர் முற்றும் வரையில் பயிர் ஒவ்வொரு நாளும் எவ்வளவு வளர்கிறது, எவ்வளவு நீரைச் செலவிடுகிறது என்பதைச் சூத்திரங்களால் கணக்கிடும் ஏற்பாடாகும். ஒரு பருவம் முழுவதையும் கணினி சில விநாடிகளில் போட்டு முடித்துவிடும். 1989-இல் முதன்முதல் வெளிவந்த டி.எஸ்.எஸ்.ஏ.டி. என்னும் தொகுதியில் இப்பொழுது சோளத்துக்கும் கம்புக்கும் தனித்தனியே மாதிரிகள் உள்ளன. புதுதில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் நம் நாட்டுக்கென அமைத்தது இன்போகிராப். எம்மாதிரியாயினும் அதற்கு நாம் கொடுக்க வேண்டியவை நான்கு: அன்றாட உஷ்ணம், மழை, வெயில் இவற்றின் அளவு, மண்ணின் ஆழமும் நீர் தாங்கும் சக்தியும், இரகத்தின் குணம், விதைத்த தேதி, இடைவெளி, உரம் முதலிய சாகுபடி விவரம்.

உஷ்ணம் ஏறினால் மகசூல் ஏன் குறைய வேண்டும் என்பதைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். கம்புக்கு 10 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழ் வளர்ச்சியில்லை என்று கொள்வது வழக்கம். ஒரு நாளின் உச்ச உஷ்ணம் 33, தாழ்ந்த உஷ்ணம் 25 எனில் சராசரி 29; அதில் 10 போக 19 டிகிரி அன்றைய வரவு. 85 நாளில் முற்றும் இரகத்துக்கு 85-ஐ 19-ஆல் பெருக்க, மொத்தம் 1,615 வேண்டும். இனி உஷ்ணம் 2 டிகிரி கூடுமாயின் நாளொன்றுக்கு வரவு 21. அதே 1,615 ஏறக்குறைய 77 நாளிலேயே நிறைந்துவிடும். பயிர் எட்டு நாள் முந்தி முற்றும். இதைக் கேட்டு மகிழ்வோர் உண்டு. ஆனால் இலை வெயிலை வாங்கி மாவாக்கும் நாட்களில் எட்டு குறைந்தன. மணி பால் பிடிக்கும் காலமும் சுருங்கிற்று. ஆகவே கதிர் சிறுக்கும்.

காற்றில் கரியமிலவாயு மிகுவது பயிருக்கு நன்மையன்றோ என்று கேட்கலாம். நெல்லுக்கு அதனால் ஓரளவு நன்மை உண்டு. கம்பும் சோளமும் அவ்வாயுவைத் தம் இலைக்குள்ளேயே செறிவாக்கிக்கொள்ளும் இனமாதலின், வெளியே மிகுவதால் அவற்றுக்கு நேரான லாபம் சொற்பமே. இலைத் துளைகள் சற்றுச் சுருங்குவதால் வறட்சியில் கொஞ்சம் நீர் மிச்சமாகும், அவ்வளவே.

2010-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இன்போகிராப் கொண்டு இந்தியச் சோளத்தைக் கணக்கிட்டவர்கள், குளிர்காலச் சோளத்தின் மகசூல் 2020-வாக்கில் 7 சதவிகிதமும், 2050-வாக்கில் 11 சதவிகிதமும், 2080-வாக்கில் 32 சதவிகிதமும் வரையில் குறையக்கூடும் என்று கண்டனர். இரகத்தையும் விதைக்கும் தேதியையும் மாற்றினால் நஷ்டத்தில் ஒரு பகுதியைத் தடுக்கலாம் என்றும் கண்டனர். இவை அனுமானங்களே என்பதை மறக்கலாகாது.

இனி என் பிழை. சில ஆண்டுகளுக்கு முன் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் அரை ஏக்கர் கம்புக்கு விதைப்புத் தேதி குறிக்க இம்மாதிரியைப் போட்டேன். அந்நிலத்து மண் விவரம் கைவசம் இல்லாமையால், கணினியில் முன்பே இருந்த கரிசல் மண் விவரத்தையே வைத்துக்கொண்டேன். முதல் மழைக்கே விதைக்கலாம் என்று விடை வந்தது. அந்நிலத்து அம்மாளும் என் சொல்லை நம்பி விதைத்தார். பின் பதினெட்டு நாள் மழையில்லை. முளைத்ததெல்லாம் கருகிற்று. விதையும் கூலியும் அவருக்கு நஷ்டம். மறுபடி விதைக்கப் பட்டமும் இல்லை.

காரணம் எளிது. இளம்பயிரின் வேர் ஓர் அடி ஆழம் என்று வைத்துக்கொண்டால், அவ்வளவு கரிசல் மண் பயிருக்கு உதவக்கூடிய நீரைச் சுமார் 50 மில்லிமீட்டர் வைத்திருக்கும்; மணல் 20 மில்லிமீட்டர் வைத்திருந்தாலே அதிகம். ஆவியாகியும் இலைவழியும் நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் போனால், கரிசலில் பன்னிரண்டு நாள் தாங்கும். மணலில் ஐந்தே நாள். பின்னர் மண்ணைத் தோண்டிப் பார்த்துச் சரியான அளவை இட்டபொழுது, வயலில் கருகிய பயிர் கணக்கிலும் கருகிற்று. மாதிரி பொய் சொல்லவில்லை; வேறொருவர் நிலத்தைப் பற்றிச் சொல்லியிருந்தது. அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "பாட்டுக்குப் பாடு ஆழம் வேறு, ஐயா. ஓரிடத்து ஆழத்தைப் பார்த்து இன்னோரிடத்தில் வலை கட்டுவோமா?" என்றார். முறை வைத்துப் பாடு பிரித்து ஏரியில் வலையிடுபவருக்கு அது விளங்கிய அளவு, பட்டயப் படிப்புப் படித்த எனக்கு அன்று விளங்கவில்லை.

ஏரியோரத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. பல மாதிரிகள் மண்ணிலுள்ள உப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தார் இலவசமாக அளிக்கும் அக்வாகிராப் அதைச் சேர்த்துக்கொள்ளும். உவர் ஏறிய நிலத்துக்கு அதுவே தக்கது. புயலில் பயிர் சாய்வதையும் கதிர் நனைந்து முளைப்பதையும் பெரும்பாலான மாதிரிகள் அறியா. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போன்ற ஒன்று வருமாயின், கணக்கில் நல்ல மகசூல் தோன்றும். களத்தில் ஒன்றும் இராது.

மாதிரியிடம் கேள்வி கேட்கும் விதமும் உண்டு. "சராசரி மகசூல் என்ன?" என்று கேட்பது பெரிய பண்ணைக்குப் போதும், அரை ஏக்கர்க்காரருக்குப் போதாது. கடந்த முப்பது ஆண்டு மழையையும் உஷ்ணத்தையும் ஆண்டாண்டாக இட்டு, எத்தனை ஆண்டு விதையும் திரும்பவில்லை என்று எண்ண வேண்டும். பின்னர் ஒவ்வொரு நாளின் உஷ்ணத்திலும் 2 டிகிரி கூட்டி, மழையையும் சற்றுக் கூட்டியும் குறைத்தும் மறுபடி எண்ண வேண்டும். விதைப்பைப் பத்துப் பத்து நாள் தள்ளி, கெட்ட ஆண்டுகள் எத்தேதியில் மிகக் குறைகின்றன என்று பார்ப்பதே பயனுள்ள வேலை.

இதற்குக் குடியானவர்கள் செய்யக்கூடியது இரண்டு. நிலத்தில் மூன்றடிக் குழி வெட்டி, எந்த ஆழத்தில் மணல், எங்கே களி, எங்கே உப்பு நீர் என்று குறித்துக்கொள்ளுதல் ஒன்று. வெட்டவெளியில் மழைமானி வைத்துக் காலை எட்டரை மணிக்கு அளந்து எழுதிவருதல் மற்றொன்று. பொன்னேரியில் பெய்த மழை ஏரிக்கரையில் பெய்ததாகாது. குறிப்புகளை எங்களிடம் கொடுத்தால் கணக்கிட்டுச் சொல்கிறோம். அதுவரையில், மணல் நிலத்தார் முதல் மழைக்கு அவசரப்படாமல், கையால் தோண்டி ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் கண்ட பின்பே கம்பு விதைப்பாராக; விதை முழுவதையும் ஒரே நாளில் விதைத்துவிடாமல், பாதியைப் பத்து நாள் கழித்து வரும் மழைக்கென வைத்துக்கொள்வாராக.