மோட்டாரும் கம்பியும்: அங்கத்தினர்கள் அறிய வேண்டிய மின்சாரக் கணக்கு

கவலை பூட்டி நீர் இறைத்த காலத்தில் மாட்டின் களைப்பு குடியானவரின் கண்ணுக்குத் தெரிந்தது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கோயம்புத்தூர் ஜில்லாவுக்கு வந்தபின், கிணற்றுமேட்டில் மாட்டின் இடத்தை மோட்டார் பெறலாயிற்று. மோட்டாரின் களைப்போ சுருள் கருகிய பின்னரே புலப்படுகிறது. அதை முன்னதாக அறிவதற்கு இரண்டு எளிய கணக்குகள் போதும்.

மூன்று அளவுகள்

உயரத்திலுள்ள தொட்டியிலிருந்து குழாய் வழியே நீர் இறங்குவதாகக் கொள்க. தொட்டியின் உயரம் தரும் அழுத்தத்தைப் போன்றது வோல்ட். பாயும் நீரின் அளவைப் போன்றது ஆம்பியர். குழாயின் ஒடுக்கம் விளைவிக்கும் தடையைப் போன்றது ஓம். குழாய் ஒடுங்கினாலும் நீண்டாலும் தடை மிகும், கம்பிக்கும் அவ்வாறே.

இரண்டு விதிகள்

1. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை, ஓம் கணக்கில் கிடைக்கும். ஜெர்மானிய ஆசிரியர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ல் வெளியிட்ட விதி இது.

2. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் சக்தி, வாட் கணக்கில் கிடைக்கும். 1000 வாட் ஒரு மணி நேரம் செலவானால் ஒரு யூனிட்.

உதாரணமாக, 230 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கும் சலவைப் பெட்டியின் தடை 57.5 ஓம், சக்தி 920 வாட். மோட்டாருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை உண்டு. அதில் அழுத்தமும் ஓட்டமும் ஒருங்கே ஏறி இறங்காமையால், உண்மைச் சக்தி இப்பெருக்குத் தொகையைவிடக் குறைவாகவே இருக்கும். கம்பியில் ஏற்படும் நஷ்டத்துக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தும்.

கம்பியில் நேரும் நஷ்டம்

மீட்டர் பெட்டியிலிருந்து கிணறு 100 மீட்டர் தூரம்; மோட்டார் 230 வோல்ட்டில் 8 ஆம்பியர் இழுப்பது. மின்சாரம் போகவும் திரும்பவும் வேண்டுமாதலால் கம்பியின் நீளம் 200 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் தடை 1000 மீட்டருக்கு 12.1 ஓம், ஆகவே இங்கு 2.42 ஓம். இதை 8-ஆல் பெருக்கினால், வழியில் குறையும் அழுத்தம் சுமார் 19 வோல்ட். மோட்டாருக்குச் சேர்வது 211 வோல்ட்டே. கம்பி வீணே சூடேறுவதில் 155 வாட் போகிறது.

4 சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் தடை 0.92 ஓம், குறைவது சுமார் 7 வோல்ட், நஷ்டம் 59 வாட் மாத்திரமே. தினம் 10 மணி நேரம் இறைத்தால், 100 நாளில் இவ்விரு கம்பிகளின் நஷ்டத்துக்கும் இடையேயுள்ள வித்தியாசம் 96 யூனிட்.

மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லாத இடத்திலும் தீங்கு நீங்குவதில்லை. அழுத்தம் குறைந்தால் அதே வேலையைச் செய்ய மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், சுருள் சூடேறும். துவக்கும்போது ஓட்டம் பல மடங்கு மிகுவதால், வழியில் குறையும் வோல்ட்டும் அப்போது பல மடங்காகும். மோட்டார் சுழலாமல் முனகி நிற்பதும் உண்டு. கம்பியில் மிச்சம் பிடித்த பணம் சுருள் கட்டும் கூலியாகப் போய்விடும்.

சங்கம் செய்யத்தக்கது

அங்கத்தினர்களுக்காகக் கம்பி வாங்கும் சங்கப் பஞ்சாயத்தார் விலைப்பட்டியலில் மலிவானதை மட்டும் பார்த்தல் ஆகாது. ஒவ்வொருவருடைய கிணற்றின் தூரத்தையும், மோட்டார்த் தகட்டில் கண்ட ஆம்பியரையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். ஓடும் மின்சாரத்தை அளக்கும் வேலையைத் தகுதி பெற்ற மின்பணியாளரிடமே விடுக. காகிதத்தில் போடும் கணக்கை எவரும் செய்யலாம்.

பயிற்சி: தூரம் 50 மீட்டர், ஓட்டம் 6 ஆம்பியர், கம்பி 1.5 சதுர மில்லிமீட்டர். குறையும் வோல்ட் எவ்வளவு? நஷ்டம் எவ்வளவு?

விடை: தடை 1.21 ஓம், குறைவது சுமார் 7.3 வோல்ட்; நஷ்டம் சுமார் 44 வாட்.