கேட்டலும் மரியாதையும்: ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் கதைமரபும் விவிலிய உரையாடல்களும்

முன்னுரை

தமிழில் 'கேள்' என்னும் வினைச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பிறர் சொல்வதைச் செவிமடுப்பதும் கேட்டல்; தெரியாததை வினவுவதும் கேட்டல். திருவள்ளுவர் 'கேள்வி' என ஓர் அதிகாரமே வைத்துள்ளார். அங்குக் கேள்வி என்பது செவி வழியாகப் பெறும் அறிவைக் குறிக்கும். இதே வடிவில் பழந்தமிழில் இன்னொரு சொல்லும் வழங்கியது. உறவினரையும் நண்பரையும் 'கேள்' என்றும் 'கேளிர்' என்றும் சங்கப் புலவர்கள் அழைத்தனர். செவிமடுத்தல், வினவுதல், உறவு ஆகிய மூன்றும் ஒரே ஒலியில் வந்து நிற்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

சென்ற பருவத்தில் சமயமும் பண்பாடும் பற்றிய விருப்பப் பாடம் ஒன்றை எடுத்தேன். அதன் இடுபணிக்காக ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களின் கதைமரபையும் கிறித்துவ விவிலியத்தில் வரும் உரையாடல்களையும் ஒப்பிட்டுப் படிக்க நேர்ந்தது. நான் சைவ சமயக் குடும்பத்தில் பிறந்தவள். இரண்டுமே எனக்குப் புதியவை. ஆயினும், படிக்கப் படிக்க இரண்டும் ஒரே பண்பைக் கற்பிப்பதை உணர்ந்தேன். அப்பண்பு மரியாதை. அனுமதி கேட்பது, காத்திருந்து கேட்பது, கேட்டது யாருடையது என்று மறவாமல் சொல்வது ஆகிய மூன்றிலும் அம்மரியாதை அடங்கியுள்ளது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அனுமதி கேட்டல்

ஐரோப்பியர் 1788ஆம் ஆண்டு குடியேறத் தொடங்கியபோது ஆஸ்திரேலியாவில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. அம்மொழிகளைப் பேசிய மக்களின் வரலாறு குறைந்தது 50,000 ஆண்டுகள் பழமையானது. எழுத்து இல்லாமலேயே அவர்கள் சட்டத்தையும், உறவுமுறையையும், நீர்நிலைகள் இருக்கும் வழியையும் கதையாகவும் பாட்டாகவும் ஓவியமாகவும் காத்து வந்தனர். ஆங்கிலத்தில் இதனைக் 'கனவுக்காலம்' எனும் பொருள்படப் பெயரிட்டு அழைத்தனர். அப்பெயர் போதாது. மத்திய ஆஸ்திரேலியாவின் அனங்கு மக்கள் இதனை 'ஜூக்குர்பா' என்பர். படைப்பு, சட்டம், நிலம், ஒழுக்கம் அனைத்தும் அந்த ஒரு சொல்லில் அடங்கும். அது கடந்துபோன காலத்தைப் பற்றியது மட்டுமன்று, இன்றும் நடப்பது.

இக்கதைகளுக்கு உரிமையாளர்கள் உண்டு என்பதை நாம் முதலில் அறிய வேண்டும். ஒரு கதையை எவர் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் சொல்லிவிட முடியாது. சில கதைகள் ஆண்களுக்கு உரியவை. சில பெண்களுக்கு உரியவை. சில உரிய சடங்குகளைக் கடந்தவர்களுக்கு மட்டுமே உரியவை. கதை நடந்த இடத்திற்கு உறவுடையவரே அதனைச் சொல்லும் பொறுப்பை ஏற்கிறார்.

உலுரு பாறையை இதற்குச் சான்றாகக் கூறலாம். பாலைவெளியில் 348 மீட்டர் உயர்ந்து நிற்கும் அப்பாறை 1985ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் அனங்கு மக்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. அதன் பின்னரும் சுற்றுப்பயணிகள் அதன்மேல் ஏறிக்கொண்டுதான் இருந்தனர். அனங்கு மக்கள் பலகை வைத்து, 'ஏற வேண்டாம்' என்று வேண்டிக்கொண்டனர். அது தங்களுக்குப் புனிதமான இடம் என்பது ஒரு காரணம். தங்கள் மண்ணுக்கு வந்த விருந்தினர் அங்கு விழுந்து இறந்தால் அத்துயரைத் தாங்களே சுமக்க வேண்டும் என்பது மற்றொரு காரணம். முப்பதுக்கும் மேற்பட்டோர் அப்பாறையில் ஏறும்போது உயிரிழந்துள்ளனர். இறுதியில் 2019ஆம் ஆண்டு அதே அக்டோபர் 26ஆம் நாள் முதல் ஏறுவது நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டது. இடைப்பட்ட முப்பத்து நான்கு ஆண்டுகளும் ஒரு வேண்டுகோளுக்கு மனிதர்கள் செவிசாய்க்கிறார்களா என்பதற்கான சோதனைக்காலம் எனலாம்.

இதனைப் படித்தபோது விவிலியத்தின் 'விடுதலைப் பயணம்' நூலில் வரும் மோசேயின் நிகழ்ச்சி புதிய பொருள் தந்தது. மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டு ஓரேபு மலைக்கு வருகிறார் மோசே. அங்கே ஒரு முட்புதர் தீப்பற்றி எரிகிறது, ஆனால் கருகவில்லை. அதிசயத்தைப் பார்க்க அவர் நெருங்குகிறார். அப்போது அவரைப் பெயர் சொல்லி அழைக்கும் குரல், அருகில் வராதே என்று நிறுத்துகிறது. மண் புனிதமானது, செருப்பைக் கழற்று என்கிறது. உரையாடல் அதன் பிறகே தொடர்கிறது. வேடிக்கை பார்க்க வந்தவர் அங்கே விருந்தினராக மாறுகிறார். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிப் பழகிய நமக்கு இது எளிதில் விளங்கும். பிறருடைய வாசலிலும் அதே உணர்வு வருகிறதா என்பதே கேள்வி.

காத்திருந்து கேட்டல்

ஆஸ்திரேலியாவின் வட ஆட்சிப்பகுதியில் டேலி ஆற்றங்கரையைச் சேர்ந்தவர் மிரியம்-ரோஸ் உங்குன்மெர்-பௌமன். ஆசிரியர், ஓவியர், கத்தோலிக்கக் கிறித்துவர், தம் இனத்தின் மூத்தவர் எனப் பல நிலைகளில் அறியப்பட்டவர். 2021ஆம் ஆண்டு அவருக்கு ஆஸ்திரேலியாவின் சிறந்த மூத்த குடிமகன் விருது வழங்கப்பட்டது. 1988ஆம் ஆண்டு அவர் ஆற்றிய உரை ஒன்றின் வழி, தம் தாய்மொழியில் உள்ள 'டடிர்ரி' என்னும் சொல்லை உலகறியச் செய்தார். ஆழ்ந்து செவிமடுத்தல், அமைதியாக விழித்திருத்தல் என்று அதற்குப் பொருள் கூறலாம். கதை கேட்கும் குழந்தை இடைமறித்துப் பேசுவதில்லை. அக்கதையையே பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் கேட்கிறது. அமைதி அங்கே வெற்றிடமாகக் கருதப்படுவதில்லை. அதுவும் உரையாடலின் ஒரு பகுதி. தம் மக்களின் இந்த வழக்கத்தைத் தம் கிறித்துவ நம்பிக்கைக்குப் பகையாக அவர் கருதவில்லை. இறைவனைத் தேடவும் அதுவே துணை என்றார்.

யோவான் நற்செய்தியில் வரும் கிணற்றடி உரையாடலை இதனோடு வைத்துப் பார்ப்போம். நண்பகல் வெயிலில் களைத்துப்போன இயேசு, சமாரிய நாட்டில் யாக்கோபின் கிணற்றருகே அமர்கிறார். யூதரும் சமாரியரும் ஒருவரோடொருவர் பழகாத காலம் அது. தண்ணீர் எடுக்க வந்த சமாரியப் பெண்ணிடம் அவர் முதலில் போதிக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். கொடுக்கும் நிலையில் அவளையும் பெறும் நிலையில் தம்மையும் வைத்தே உரையாடலைத் தொடங்குகிறார். அவள் உடனே எதிர்க்கேள்வி கேட்கிறாள். எங்கள் மூதாதையரைவிட நீர் பெரியவரா என்கிறாள். எங்கள் மலையில் வழிபடுவதா, எருசலேமில் வழிபடுவதா என்று சமயச் சிக்கலையே எடுத்து வைக்கிறாள். ஒரு கேள்விக்கும் அவளை அதட்டி அடக்கவில்லை. உரையாடல் நீள்கிறது. இறுதியில் அவ்வூரார் அழைக்க, இயேசு இரண்டு நாள் அங்கேயே தங்குகிறார். பகையென்று எண்ணிய ஊரில் அவர் விருந்தாளி ஆகிறார்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற என்னைப் போன்றோருக்கு இதன் அருமை தெரியும். புகுமுக வகுப்பில் என் நெற்றித் திருநீற்றைப் பற்றிப் பலர் பேசினார்கள். ஒரு மலாய் மாணவி மட்டுமே கேட்டாள். கேட்டுவிட்டு நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள். மலாய்மொழியில் சொல் கிடைக்காமல் நான் தடுமாறியபோதும் இடையில் புகுந்து பேசவில்லை. மறுநாள் நானும் அவளிடம் நோன்பைப் பற்றிக் கேட்டேன். இன்றுவரை எங்கள் நட்பு தொடர்கிறது.

பொருளைக் கேட்பவரிடம் விடுதல்

பூர்வகுடி மூத்தவர்கள் கதையைச் சொல்லிவிட்டு, 'இதன் நீதி யாதெனில்' என்று முடிப்பது வழக்கமன்று. சிறுவயதில் கேட்கும்போது அது ஒரு விலங்கைப் பற்றிய கதை. வளர்ந்தபின் அது நீர் கிடைக்கும் வழி. முதிர்ந்தபின் அதுவே சட்டம். கேட்பவரின் அறிவை நம்பி, அவர் தாமே கண்டுணரும் நாள்வரை பொறுத்திருப்பதும் மரியாதையே.

சாமுவேல் இரண்டாம் நூலில் நாத்தான் இறைவாக்கினர் செய்வதும் இதற்கு நெருங்கியது. தாவீது மன்னர் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவைப் போரில் சாகவிட்டவர். அரசரின் முகத்துக்கு நேரே குற்றம் சாட்டாமல் நாத்தான் ஒரு கதை சொல்கிறார். ஏராளமான மந்தைகளை உடைய செல்வன் ஒருவன், தன் விருந்தாளிக்காக, ஏழை ஒருவன் மகளைப் போல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிக்கொண்டான் என்பதே அக்கதை. கேட்ட தாவீது கொதித்தெழுந்து தீர்ப்புச் சொல்கிறார். அதன் பிறகே, அந்த மனிதர் அரசரே என்பதை நாத்தான் வெளிப்படுத்துகிறார். தம் தீர்ப்பைத் தாமே கூறும் வாய்ப்பு அரசருக்குக் கிடைக்கிறது. தம்மைவிட வலியவரிடம் உண்மையைச் சொல்வதற்கும் கதை வழி திறக்கிறது.

யாருடைய கதை?

இதுவரை கண்டவை இனிய பக்கம். கசப்பான பக்கத்தையும் மறைத்தல் ஆகாது. கிணற்றடியில் தண்ணீர் கேட்ட இயேசுவின் கதையைச் சுமந்து சென்ற பலர், ஆஸ்திரேலியாவில் எதையும் கேட்கவில்லை. அரசின் கொள்கையால் குழந்தைகள் தாய் தந்தையரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். திருச்சபைகள் நடத்திய பல விடுதிகளிலும் அவர்கள் வைக்கப்பட்டனர். தாய்மொழி பேசுவது பல இடங்களில் தடுக்கப்பட்டது. பாட்டி சொல்லும் கதையைக் கேட்கும் செவியே பறிக்கப்பட்டது எனலாம். இக்கொடுமைகளை விசாரித்த அறிக்கை 1997ஆம் ஆண்டு வெளிவந்தது. 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

டேவிட் உனைப்பொன் அவர்களின் வாழ்க்கை இதன் இரு முகங்களையும் காட்டுகிறது. 1872ஆம் ஆண்டு தென் ஆஸ்திரேலியாவின் மிஷன் குடியிருப்பு ஒன்றில் பிறந்த இவர் நாரின்ஜெரி இனத்தவர்; போதகர், கண்டுபிடிப்பாளர், எழுத்தாளர். 1920களில் ஊர் ஊராகச் சென்று பூர்வகுடிக் கதைகளைத் திரட்டி ஆங்கிலத்தில் எழுதினார். அவருடைய எழுத்தில் விவிலிய நடையும் மூத்தோர் கதையும் கலந்து நின்றன. ஆனால், அவருடைய கைப்பிரதியின் உரிமை கைமாறி, 1930ஆம் ஆண்டு இலண்டனில் இராம்சே சுமித் என்னும் மருத்துவரின் பெயரில் நூலாக வந்தது. உனைப்பொன் பெயர் அதில் இல்லை. அவர் 1967ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய பெயரிலேயே அந்நூல் வெளிவர 2001ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையில் 1995ஆம் ஆண்டு முதல் ஆஸ்திரேலியாவின் ஐம்பது டாலர் தாளில் அவர் முகம் அச்சிடப்பட்டு வருகிறது. நூலில் பெயர் திரும்புமுன் பணத்தில் முகம் வந்துவிட்டது. புகழ்வது எளிது; உரியதை உரியவருக்குத் திருப்பித் தருவதே கடினம்.

மாறாக நடந்தவர்களும் உண்டு. 1820களில் மக்குவாரி ஏரிப் பகுதிக்கு வந்த திரெல்கெல்ட் என்னும் போதகர், பிராபான் என்னும் பூர்வகுடி அறிஞரிடம் மாணவராய் அமர்ந்து மொழி கற்றார். இருவரும் சேர்ந்தே லூக்கா நற்செய்தியை அம்மொழியில் பெயர்த்தனர். தாம் அறிந்தவற்றிற்குப் பெரிதும் பிராபானுக்கே கடன்பட்டிருப்பதாகத் திரெல்கெல்ட் எழுதிவைத்தார். எனினும், பூர்வகுடி மக்கள் பேசும் மொழியொன்றில் முழு விவிலியமும் வெளிவந்தது 2007ஆம் ஆண்டில்தான். அது வட ஆஸ்திரேலியாவில் வழங்கும் கிரியோல் மொழியில் அமைந்தது. 1788இலிருந்து கணக்கிட்டால் இடைவெளி 219 ஆண்டுகள்.

முடிவுரை

பல்கலைக்கழகத்தில் சமய நல்லிணக்க நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. பெரும்பாலும் நால்வர் மேடையேறி, தத்தம் சமயத்தின் பெருமையைப் பதினைந்து நிமிடம் பேசிவிட்டு இறங்குகிறோம். அது நால்வரின் சொற்பொழிவு, உரையாடல் ஆகாது. அடுத்த முறை, ஒவ்வொருவரும் மற்றவரிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலை முழுதும் கேட்டபின், கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லிப் பார்த்தால் என்ன?

நம்முள் பலர் ஆய்வேட்டுக்காகத் தோட்டப்புற முதியோரிடம் பாடலும் கதையும் திரட்டுகிறோம். 'தகவலாளி 1', 'ஒரு மூதாட்டி' என்று எழுதி முடித்துவிடுகிறோம். அவர் விரும்பினால் அவர் பெயரை எழுதுவோம். வெளியிடலாமா என்று கேட்போம். அச்சான பிரதியை எடுத்துச் சென்று அவருக்குப் படித்துக் காட்டுவோம். நம் தீபகற்பத்திலேயே ஒராங் அஸ்லி மக்கள் பதினெட்டுக் குழுவினராக வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவர் வாய்மொழியாக ஒரு கதையேனும் நாம் கேட்டதுண்டா?

கேட்கத் தெரிந்தவருக்கே கேளிர் வாய்ப்பர். மாணவர்களாகிய நாம் இவ்வாண்டே அதற்கான முயற்சியைத் தொடங்குவோம்; முன்னாள் மாணவர்கள் நமக்கு வழிகாட்டட்டும்.