மதுரகவிகள் தம்மைப் பற்றிச் சொன்னவையும் சொல்லாதவையும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பஞ்சஸம்ஸ்காரம் பெற்று, அருளிச்செயலில் ருசி பிறந்து, பழைய நடத்தைகள் சில தாமே கழன்றுபோன ஒருவரைப் பார்த்துக் கோஷ்டியில் யாரேனும் கேட்பதுண்டு: “தேவரீர் இவ்வழிக்கு எப்படி வந்தது?” இதற்கு விடை சொல்வது எளிதன்று. சொல்லப் புகுந்தால் ‘நான்’ தலையெடுக்கிறது. சொல்லாதிருந்தாலோ, பெற்ற உபகாரத்தை மறைத்த க்ருதக்நதை வந்து சேருகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நடக்க ஒரு வழி வேண்டும் என்றால், மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண்சிறுத்தாம்பைக் காட்டிலும் தெளிவான இடம் நமக்கு இல்லை. பதினொன்றே பாசுரங்கள். ஒருவர் தமக்கு நேர்ந்த மாற்றத்தைத் தம் வாயாலே பிறர்க்குச் சொல்லும் ப்ரபந்தம் அது.

இந்த ப்ரபந்தத்தை அருளிச்செயல்களின் நடுவே நம் ஆசார்யர்கள் சேர்த்ததற்கு மணவாள மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் காரணம் காட்டியருளுகிறார். திருமந்த்ரத்தின் மூன்று பதங்களுள் நடுவிலுள்ள நம:பதத்தோடு இதை ஒப்பிடுகிறார். நம:பதமாவது என்ன? பிள்ளைலோகாசார்யர் முமுக்ஷுப்படியில் அதை ‘ந’ என்றும் ‘ம:’ என்றும் பிரித்துப் பொருளுரைக்கிறார். ஆத்மா தனக்கு உரியவன் என்னும் எண்ணத்தை அப்பதம் விலக்குகிறது. ஆக, ‘எனக்கு இப்படி நேர்ந்தது’ என்று தொடங்கி முடியும் ஒரு ப்ரபந்தமே ‘நான் எனக்குரியனல்லேன்’ என்னும் பதத்தின் ஸ்தானத்தில் நிற்கிறது. முரண்போலத் தோன்றும் இவ்விடத்தில்தான் நாம் கற்கவேண்டியது இருக்கிறது.

முதலில், ஆழ்வார் சொல்லாமல் விட்டவற்றைப் பார்ப்போம். அவர் திருக்கோளூரில் அவதரித்தவர், வேதசாஸ்த்ரங்களில் வல்லவர், நம்மாழ்வாரைவிட வயதில் மூத்தவர். வடதேச யாத்திரையில் அயோத்யையில் இருந்தபோது தென்திசையில் ஒரு பேரொளியைக் கண்டு, அதையே வழிகாட்டியாகக் கொண்டு திருக்குருகூர் வந்து சேர்ந்தார். திருப்புளியடியில் எழுந்தருளியிருந்த ஆழ்வாரிடம் கேள்வி கேட்டு, விடை பெற்று, அடிபணிந்தார். இவையெல்லாம் குருபரம்பரை நூல்கள் நமக்குத் தந்தவை. பதினொரு பாசுரங்களுள் ஒன்றிலும் அயோத்யை இல்லை, ஒளி இல்லை, புளியமரம் இல்லை, தாம் கேட்ட கேள்வியும் இல்லை. இன்று நம்மில் ஒருவர்க்கு அப்படி ஓர் ஒளி தெரிந்திருந்தால் கதை அங்கேதான் தொடங்கும். பெரும்பாலும் அங்கேயே நின்றும் போகும்! பேற்றுக்குத் தாம் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று காட்டும் அடையாளங்களை ஆழ்வார் வைக்கவில்லை. திருத்தினவரையும், திருத்தப்பட்ட நெஞ்சையும் மட்டும் வைத்தார்.

பழைய வாழ்க்கையை அவர் மறைக்கவுமில்லை. ஐந்தாம் பாசுரத்தின் முற்பகுதியில், முன்பெல்லாம் பிறர் பொருளையும் பெண்டிரையும் விரும்பியிருந்ததைச் சொல்லுகிறார். அவ்வளவே. எத்தனை நாள், எந்த ஊரில், எப்படி என்ற விரிவு இல்லை. உடனே பின்பகுதியில், குருகூர் நம்பிக்கு அன்பனான படியாலே இன்று தாம் சிறப்புற்றதாகச் சொல்லுகிறார். இவ்விடம் கூர்ந்து நோக்கத்தக்கது. ‘நான் ஒன்றுமில்லை’ என்ற போலிப் பணிவு இங்கு இல்லை. சிறப்புற்றது உண்மையாகையால் உண்மையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் அச்சிறப்புக்கு அவர் காட்டும் காரணம் தம் வைராக்யமோ அநுஷ்டானமோ அன்று, ஆசார்ய ஸம்பந்தம். ஸாத்விக அஹங்காரம் என்று பெரியோர் கொண்டாடும் நிலை இப்படிப்பட்டதே.

நைச்யாநுஸந்தானமும் வழுக்கும் நிலம் என்பதை இங்கே சொல்லவேண்டும். ‘என்னைப்போல் பாபி உலகில் இல்லை’ என்பதை ஒருவர் மூன்று கோஷ்டிகளில் மூன்று விதமாக அழகுபடுத்திச் சொல்லத் தொடங்கினால், பாபத்திலும் முதலிடத்தை வேறொருவர்க்கு விட மனமில்லை என்றே ஆகிறது. தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் தம் குறைகளைப் பரக்கப் பேசுகிறாரே என்றால், அப்பேச்சு பெரிதும் அரங்கன் திருமுன்பே நின்று விண்ணப்பிப்பது. கேட்பவன் எல்லாம் அறிந்தவன். அவனிடத்தில் அலங்காரத்துக்கு இடமில்லை. மனிதர் நடுவே பேசும்போது அந்தக் காவல் நமக்கு இல்லை.

ஏழாம் பாசுரம் இவ்விஷயத்துக்கு உயிர்நிலை. காரிமாறப் பிரான் தம்மைக் கடாக்ஷித்துப் பழவினைகளைப் போக்கினதைச் சொல்லி, எட்டுத் திசையாரும் அறியும்படி இதை வெளியிடுவேன் என்று உறுதி கூறுகிறார். ஆகவே வாய்மூடியிருப்பது விநயம் என்ற எண்ணம் இங்கே அடிபட்டுப் போகிறது. எதை வெளியிடுவது? சடகோபருடைய அருளை. ‘நான் விட்டேன்’ என்பதற்கும் ‘என்னை விடுவித்தார்’ என்பதற்கும் செய்தியில் வேற்றுமை மிகச் சிறிது. ஆனால் கேட்பவர் நெஞ்சில் விளைவு வேறு. முன்னதைக் கேட்டவர், ‘அவர் திடமானவர், நமக்கு அது கூடாது’ என்று ஒதுங்குவார். பின்னதைக் கேட்டவர், ‘அந்தக் க்ருபை நம்மளவும் வரும்’ என்று ஆசைப்படுவார். தளர்ந்திருக்கும் ஒருவர் நம் சொல்லாலே ஸம்ப்ரதாயத்தை அணுகுவதும் அஞ்சி அகலுவதும் இவ்வளவு சிறிய இடத்தில் தீர்மானமாகிறது.

அயல்நாடுகளில் வாழும் அடியார் குடும்பங்களில் இது நாள்தோறும் காணக்கூடியது. வீட்டில் ஒருவர் மட்டும் திருவாராதனம், ஆஹார நியமம் என்று மாறியிருப்பார். மற்றையோர் பழையபடியே இருப்பர். மாறினவர் தம் மாற்றத்தையே அளவுகோலாக்கி மனைவியையும் மக்களையும் அளக்கத் தொடங்கினால், அவர்கள் வெறுப்பது அவரை மட்டுமன்று, அவர் கையிலுள்ள திவ்யப்ரபந்தப் புத்தகத்தையும்கூட. நான்காம் பாசுரத்தில் மதுரகவிகள் நிற்கும் நிலை இதற்கு நேர் எதிரானது. நன்மையால் மிக்க வேதியர் தம்மைத் தாழ்ந்தவராகக் கருதுவர் என்கிறார். அதை அவர் மறுக்கவில்லை, வருந்தவுமில்லை. அப்படிப்பட்டவரை அன்னையும் அப்பனுமாய் ஆண்டுகொண்டவர் சடகோபர் என்று, அந்த இகழ்ச்சியையே அருளின் பெருமைக்குச் சான்றாக்கிவிடுகிறார். தம்மைப் பிறர் தாழ்த்திப் பேசியதையும் இவ்வண்ணம் சொல்ல வல்லவர்க்குப் பிறரைத் தாழ்த்திப் பேச நா எழாது.

பத்தாம் பாசுரத்தில் மற்றொரு நுட்பம். பயன்படாதவரையும் தகுதியற்றவரையும் திருத்திப் பணிகொள்பவர் என்று ஆசார்யனைப் போற்றியபின், அவர் திருவடிகளில் அன்பு பெறத் தாம் முயன்றுகொண்டிருப்பதாக விண்ணப்பிக்கிறார். கடைசிக்கு முந்திய பாசுரத்திலும் நிகழ்காலமே! ‘முன்பு அப்படி, இப்போது இப்படி’ என்று கணக்கு முடித்த பேச்சாக அது இல்லை. அதுவரை உலகோர்க்குச் சொல்லிவந்தவர், இவ்விடத்தில் ஆசார்யன் பக்கம் திரும்பி அவரையே விளித்துப் பேசுகிறார். நாமும் கோஷ்டியில் நம் கதையைச் சொல்லி முடித்தவுடன் தனியே ஆசார்யன் தனியனைச் சொல்லித் தண்டன் ஸமர்ப்பிப்பது நல்லது. அப்போது அவரிடம் சொல்லக் கூசும் ஏதேனும் ஒன்றைக் கோஷ்டியில் பேசியிருந்தால் அது தானே நினைவுக்கு வரும்.

பிற்காலத்தில் திவ்யப்ரபந்தங்கள் மறைந்திருந்தபோது, ஸ்ரீமந்நாதமுனிகள் பராங்குசதாஸரிடம் இப்பதினொரு பாசுரங்களையே பெற்று, திருக்குருகூரில் பன்னீராயிரம் உரு அநுஸந்தித்தார் என்பது ப்ரஸித்தம். மதுரகவிகள் தம் அநுபவமாகச் சொன்ன சொற்கள் அவை. அவற்றைச் சொல்லச் சொல்ல நாதமுனிகளுக்கு ஸேவை ஸாதித்தவர் நம்மாழ்வார். நாலாயிரமும் அவரிடமிருந்தே கிடைத்தன.

அடியேன்