முதலில் பாருங்கள்

பண்டமாரானில் ஒரு பிற்பகல். காட்சிக்கலை பயிலும் நான்காம் படிவ மாணவர் சிலருக்கு, பள்ளி நேரத்துக்குப் பிறகு தமிழிலேயே ஒரு கூடுதல் வகுப்பு நடந்தது. நானும் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். வெண்திரையில் ஓர் ஓவியம். சுல்கிப்ளி புயோங் 1966இல் பேஸ்டல் வண்ணத்தால் தாளில் தீட்டிய ‘காப்பால் கெர்த்தாஸ்’ அது. காகிதக் கப்பல் என்று பொருள். ஆனால், ஆசிரியர் தலைப்பையும் சொல்லவில்லை. ஓவியர் பெயரையும் சொல்லவில்லை.

“இரண்டு நிமிடம் பேசாமல் பாருங்கள்,” என்றார்.

அரை நிமிடத்திலேயே நாற்காலிகள் அசையத் தொடங்கின. ஆசிரியர் பொறுத்திருந்தார். பிறகு, “இந்தப் படத்தில் என்ன நடக்கிறது?” என்று கேட்டார்.

“பிள்ளைங்க கப்பல் விட்டு விளையாடுறாங்க, டீச்சர். மழை விட்டதும் எங்க வீட்டு முன்னாலயும் இப்படித்தான் விடுவோம்.”

“மழை விட்ட பிறகு என்று எதைப் பார்த்துச் சொல்கிறாய்?”

மாணவன் பதில் சொல்லாமல் எழுந்து திரையருகே போனான். மழை படத்தில் இருக்கிறதா, தன் நினைவில் இருக்கிறதா என்று அவனுக்கே தெரியவில்லை. அன்றைய வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

இம்முறை அமெரிக்காவில் உருவானது. அபிகேல் ஹவுசன் என்ற ஆய்வாளரும், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவை நடத்திய பிலிப் யெனவைனும் இதை வகுத்தனர். மொத்தம் மூன்றே கேள்விகள்: என்ன நடக்கிறது? எதைக் கண்டு அப்படிச் சொல்கிறாய்? வேறென்ன தெரிகிறது? எட்மண்ட் ஃபெல்ட்மன் காட்டிய வழி சற்று நீளமானது. கண்டதைச் சொல்ல வேண்டும். கோடும் வண்ணமும் அமைந்த விதத்தை ஆராய வேண்டும். பொருள் காண வேண்டும். அதன் பின்னரே மதிப்பிட வேண்டும். நம் மாணவர் பலர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர். ‘ஓவியம் மிக அழகாக உள்ளது’ என்று தீர்ப்பை எழுதிவிட்டுக் காரணத்தைத் தேடுகின்றனர். (இந்த வாக்கியத்தை விடைத்தாள்களில் எத்தனை முறை படித்திருப்பேனோ!)

கேள்விகள் மட்டுமே போதும் என்று நான் கருதவில்லை. ஓவியத்தின் வரலாறு கண்ணுக்குத் தெரியாது. அதை யாராவது சொல்லத்தான் வேண்டும். மாணவர்கள் பார்த்து, பேசி, களைத்த பிறகு ஆசிரியர் சொன்னார்: சுல்கிப்ளி 1948இல் பிறந்தவர். கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷனில் அவருக்கு ஓவியம் கற்பித்தவர் பேட்ரிக் இங். அந்த பேட்ரிக், பீட்டர் ஹாரிஸ் 1952இல் தொடங்கிய ‘புதன்கிழமை ஓவியக் குழு’வைச் சேர்ந்தவர். ஹாரிஸ் தம் பாணியைப் பிறர்மீது திணிக்கவில்லை; அவரவர் உணர்ந்ததை அவரவர் வழியில் வரையவிட்டார்.

“அப்படின்னா, இதை வரையும்போது நம்மைவிட ரெண்டு வயசுதான் பெரியவரா?” என்றாள் ஒரு மாணவி. எல்லாரும் மீண்டும் திரையை நோக்கினர். இத்தகவலை முதலிலேயே சொல்லியிருந்தால், குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு தலை நிமிராமலே இருந்திருப்பார்கள்.

1958இல் தொடங்கப்பட்ட தேசியக் கலைக்கூடம் இப்போது கோலாலம்பூர், தெமெர்லோ சாலையில் உள்ளது. அங்குச் சென்றால் ஓவியத்தின் அருகிலுள்ள குறிப்பட்டையை உடனே படிக்காதீர்கள். இரண்டு நிமிடம் நின்று, கண்டவற்றில் ஐந்தை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அட்டையைப் படித்து, அந்த ஐந்தில் எதை மாற்ற வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.