22/7-க்கு அப்பால்: பையைத் தேடிய மாதவர்

தம்பி தங்கைகளே, வட்டக் கணக்கு வந்தால் நம் கை தானாகவே 22/7 என்று எழுதிவிடும், இல்லாவிட்டால் 3.142. இரண்டுமே பை இல்லை! 22-ஐ 7-ஆல் வகுத்தால் 3.142857… உண்மையான பையோ 3.14159265… மூன்றாவது தசம இடத்திலேயே வழி பிரிந்துவிடுகிறது.

கி.பி. 499-இல் ஆரியபடர் 62832/20000, அதாவது 3.1416 என்று கொடுத்தார். இது நெருங்கிய மதிப்புதான் என்பதையும் சேர்த்தே சொன்னார். அப்படியானால் இன்னும் நெருங்க என்ன வழி? 14ஆம் நூற்றாண்டில், கேரளத்துச் சங்கமகிராம மாதவர் வழியில் வந்த பதில் இது:

பை = √12 × (1 – 1/(3×3) + 1/(5×3×3) – 1/(7×3×3×3) + …)

பயந்துடாதீங்க. கால்குலேட்டரை எடுத்துக்குங்க. √12 = 3.46410. இதை ஒவ்வொரு படியிலும் 3-ஆல் வகுத்துக்கொண்டே போங்க. அந்தந்தப் படியில் வரும் விடையை முறையே 3, 5, 7, 9 என்ற ஒற்றை எண்களால் வகுத்து, ஒரு முறை கழித்து, மறு முறை கூட்டணும்.

3.46410
– 0.38490 → 3.07920
+ 0.07698 → 3.15618
– 0.01833 → 3.13785
+ 0.00475 → 3.14260

ஐந்தே உறுப்புகள், அதற்குள் 22/7-ஐ விடப் பைக்கு நெருங்கிவிட்டோம்! இன்னொன்றையும் கவனிச்சீங்களா? விடை ஒரு முறை பைக்கு மேலே, மறு முறை கீழே. பை எப்போதும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. எவ்வளவு பிழை மிச்சம் இருக்கிறது என்பதும் இதனால் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

√12 ஏன்? 30 பாகையின் டேன் மதிப்பு 1/√3. அதை வர்க்கப்படுத்தினால் 1/3. ஒவ்வொரு உறுப்பையும் சுருக்குவது இந்த 1/3தான். 45 பாகையை எடுத்தால் டேன் மதிப்பு 1. அப்போது 4 × (1 – 1/3 + 1/5 – 1/7 + …) என்ற தொடர் கிடைக்கும். பார்க்க எளிது, ஆனால் நூறு உறுப்பு போட்டாலும் 3.1316தான் வரும். √12 தொடரில் 21 உறுப்புகளிலேயே முதல் 10 தசம இடங்கள் சரியாகிவிடும்.

ஐரோப்பாவில் இத்தகைய தொடர்களை 17ஆம் நூற்றாண்டில் கிரகரியும் லைப்னிட்சும் கண்டார்கள். "நம்மவங்க அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவது சுலபம். ஆனால் அந்த மரபு நமக்குக் காட்டும் வழி வேறு. 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய 'யுக்திபாஷா' விடையை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை; அது ஏன் சரி என்று படிப்படியாக விளக்கியது. கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்குத்தான் அந்தப் பெருமையில் பங்கு உண்டு.

பயிற்சி: அடுத்த மூன்று உறுப்புகளை நீங்களே போடுங்க. 3.14157 வந்தால் சரி. வராவிட்டால் கூட்டல், கழித்தல் குறிகளை முதலில் சரிபாருங்க!