கார்த்திகை மாதத்துக்குக் கணக்குப் போடு

விரிஞ்சிபுரம்,
ஆவணி மாதம்.

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதிக்கொள்வது. பெரியம்மாவுக்கு முட்டிவலி இன்னும் விட்டபாடில்லை.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஜவ்வாது மலையில் சாமையும் தேனும் வாங்கிச் சுத்தம் செய்து விற்கப் போகிறாய், அங்கேயே ஒரு இரண்டறை ஓட்டு வீட்டையும் பிடித்துவிட்டாய் என்று தெரிந்ததும் உன் அப்பன் கோபப்பட்டான். நான் படவில்லை. கடைசிக் கரண்டுக் கம்பம் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில்தான் எனக்குக் கவலை வந்தது. "ரெண்டு சோலார் பேனல் போட்டா போதுமா பெரியப்பா? மலையில காத்து நல்லா வீசுது, சின்னதா ஒரு காத்தாடியும் வெச்சுடலாமா?" என்று கேட்டிருக்கிறாய். ஆம்பூரில் ஷூ கம்பெனி எலக்ட்ரிகல் பிரிவில் 26 வருஷம் இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம்ம மார்க்கபந்தீஸ்வரர் கோயில் வெளிப்பிரகாரத்தில் இருக்கும் மணிகாட்டும் கல் உனக்கு நினைவிருக்கிறதா? பாதி நிலா மாதிரி இருக்கும். மேலே பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் அதன் நிழல் விழுகிற கோடுதான் மணி. உனக்கு ஆறு வயதிருக்கும்போது கார்த்திகைக் கடைஞாயிறு திருவிழாவுக்கு வந்து, குச்சியை வைத்துவிட்டுக் காத்துக்கொண்டு நின்றாய். வானம் மூடிக் கிடந்தது, நிழலே இல்லை. "கல்லு தூங்குதா பெரியப்பா?" என்றாய். அந்தக் கேள்வியை இப்போது மறுபடி கேட்டுப் பார். சித்திரையில் எந்தப் பேனலும் வேலை செய்யும். கல் தூங்குகிற கார்த்திகையில் உன் வீட்டில் விளக்கு எரிய வேண்டும். அந்த மாதத்துக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நோட்டில் உனக்கு என்னென்ன வேண்டும் என்று எழுது. நானும் இங்கே உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். 9 வாட் எல்.இ.டி. பல்பு நாலு, தினம் 5 மணி நேரம் எரிந்தால் 180 வாட்-மணி. கரண்டு குறைவாகத் தின்னும் பி.எல்.டி.சி. மின்விசிறி 30 வாட், 8 மணி நேரத்துக்கு 240. மலையில் பாதி வருஷம் விசிறியே வேண்டாம், இருந்தாலும் எழுதி வை. லேப்டாப்புக்கு 200, போனுக்கு 30. மிக்ஸி பத்து நிமிஷம் ஓடினால் 80. அரைக் குதிரைத்திறன் மோட்டார் அரை மணி நேரம் தண்ணீர் ஏற்றினால் ஒரு 250. கூட்டினால் ஆயிரத்தை ஒட்டி வருகிறது, அதாவது ஒரு நாளைக்கு ஒரு யூனிட். ஃபிரிட்ஜ் வைத்தால் அது மட்டுமே இன்னொரு யூனிட்டைக் கேட்கும். இண்டக்‌ஷன் அடுப்பையும் வாட்டர் ஹீட்டரையும் நினைக்கவே நினைக்காதே. சமையலுக்கு கேஸ், குளியலுக்கு விறகு வெந்நீர், அவ்வளவுதான். சூடு பண்ணுகிற எந்தப் பொருளும் பேட்டரிக்கு எமன்.

நம்ம பக்கம் 1 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் தினம் சுமார் 4 யூனிட் தரும். ஒரு யூனிட் வீட்டுக்கு 350 வாட் பேனல் போதும் என்று கடைக்காரர் சொல்வார். வெயில் நாளைக்கு அது சரிதான். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடினால் நாலு என்பது ஒன்றாகச் சுருங்கிவிடும். அதனால் 540 வாட் பேனல் இரண்டு போடு. இன்றைக்குப் பேனல் மலிவு, பேட்டரிதான் விலை. மழை நாளைச் சமாளிக்கப் பேட்டரியைக் கூட்டுவதைவிடப் பேனலைக் கூட்டுவது காசுக்கு நல்லது. மூடம் போட்ட பகலிலும் கொஞ்சமாவது உள்ளே வந்துகொண்டிருக்கும். மோட்டாரை நடுப்பகலில் மட்டும் ஓட்டு. அப்போது கரண்டு பேட்டரியைத் தொடாமல் நேராகப் போய்விடும்.

இன்னொன்று. கத்திரி வெயிலில்தான் பேனல் அதிகம் தரும் என்று நினைக்காதே. பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. வேலூர் வெயிலில் பேனல் 65 டிகிரி வரை கொதிக்கும். 25 டிகிரிக்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 விழுக்காடு அளவுக்கு உற்பத்தி குறையும். மலையில் குளிர்ச்சி என்பதால் அதில் உனக்கு லாபம். ஓட்டுக்கும் பேனலுக்கும் நடுவில் ஒரு சாணாவது இடைவெளி விட்டுத் தெற்குப் பார்த்து, 13 டிகிரி சாய்வில் வை. வீட்டுக்குக் கிழக்கே புளியமரம் இருப்பதாக எழுதியிருக்கிறாய். ஒரு கிளையின் நிழல் விழுந்தாலும் பேனலில் ஒரு பகுதி முழுக்கச் செத்துப்போகும். காலை எட்டு மணிக்கு அந்த மர நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து எழுது.

இப்போது என் தவறு. 2012-ல் கரண்டு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் போய்க்கொண்டிருந்தது. ஊரில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்த காலம் அது. நான் நம்ம கொல்லையில் மாட்டுக்கொட்டகைக்கு 100 வாட் பேனலும் ஒரு பழைய கார் பேட்டரியும் போட்டேன். நானே எலக்ட்ரீஷியன், எனக்கு யார் சொல்வது என்கிற எண்ணம். கார் பேட்டரி வண்டியைக் கிளப்ப ஒரு சில நொடி பெரிய கரண்டைத் தருவதற்காகச் செய்தது. மெல்லிய தகடுகள். ராத்திரி முழுக்க அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால் தகடு செத்துவிடும். இது தெரிந்தும் செய்தேன். பத்து மாதம் ஓடியது. கார்த்திகையில் நாலு நாள் அடைமழை. நாலாம் ராத்திரி சிவப்புப் பசு கன்று போட வலியெடுத்து நின்றபோது விளக்கு மங்கி அணைந்தது. பெரியம்மா மழையில் ஓடி அடுத்த கொல்லையிலிருந்து அரிக்கேன் வாங்கி வந்தாள். கன்றின் கால் மடங்கி இருந்தது. அந்த வெளிச்சத்தில்தான் கைவிட்டுத் திருப்பினேன். கன்று பிழைத்தது. ஆனால் அந்த இருட்டில் நான் நின்ற ஐந்து நிமிஷத்தை மறக்கவே முடியவில்லை. நீ தனியாக இருக்கப் போகிற இடத்தில் அப்படி ஒரு ஐந்து நிமிஷம் உனக்கு வரக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

பேட்டரியில் இரண்டு வழி உண்டு. 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட் இருக்கிறது என்று கணக்கு வரும். அதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் ஆயுசு குறையும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், வாயு போக ஜன்னல் வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் நூற்றுக்கு எண்பது வரை எடுக்கலாம், தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, வருஷமும் அதிகம் வரும். விலை கூடுதல்தான். நான் இதைத்தான் சொல்வேன். 24 வோல்ட், 100 ஆம்பியர்-மணி. வெயிலே இல்லாவிட்டாலும் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாளுக்கு விசிறியையும் லேப்டாப்பையும் நிறுத்திவிட்டு விளக்கோடு இருக்கப் பழக வேண்டும்.

இந்த மழைக்கணக்கை நான் படித்தது தோல் தொழிலில்தான். தோலைக் கெடாமல் வைக்க உப்புப் போட்டிருப்பார்கள். அதைக் கழுவுகிற முதல் தண்ணீர் அத்தனையும் உப்பு. அதைத் தனியாகப் பிரித்து ஆழமில்லாத தொட்டிகளில் விட்டு வெயிலில் காயவைப்பார்கள். பங்குனியில் ஜோராகக் காயும். ஐப்பசியில் காயாது, மழைத்தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். வெயில் காலத்துக்கு அளவெடுத்துக் கட்டிய தொட்டி மழையில் வழியும். வழிந்தால் எங்கே போகும்? நம்ம பாலாற்றுக்குத்தான். தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது உனக்குத் தெரியும், காலேஜில் பாடமாக வைத்திருப்பார்கள்.

அளவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு கதை. பீகாரில் தர்ணை என்று ஒரு கிராமம். 2014-ல் அங்கே 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் வைத்து, ஊருக்கே தனியாகக் கம்பி இழுத்துக் கரண்டு கொடுத்தார்கள். நாடே பேசியது. விளக்குக்கும் விசிறிக்கும் போட்ட அளவு அது. ஜனங்கள் ஃபிரிட்ஜும் டிவியும் வைக்க ஆசைப்பட்டார்கள். யார்தான் ஆசைப்பட மாட்டார்கள்? எங்களுக்கு நிஜக் கரண்டு வேண்டும் என்று கேட்டார்கள். பிறகு அரசுக் கரண்டு விலை குறைவாக வந்தது, சூரிய நிலையத்தின் பேட்டரிகள் தேய்ந்தன, மாற்ற ஆளில்லை. சில வருஷத்தில் அந்த மின்நிலையத்தில் மாடு கட்டினார்கள். அந்த ஜனங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் கேட்டது நியாயம். உனக்கு நான் சொல்வது, பேட்டரி மாற்றப் போகிற அந்த நாளுக்கு இன்றைக்கே மாதம் ஒரு தொகை எடுத்து வை. சாமை விற்ற காசில் முதல் பங்கு அதற்கு. கரண்டு பில் வரவில்லை என்று அந்தக் காசைச் செலவழித்துவிட்டால் எட்டாம் வருஷம் மொத்தமாக நிற்கும்.

காத்தாடிக்கு வருகிறேன். இதில் உன் ஆசையைத் தடுக்க எனக்கு மனசு வரவில்லை, ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருக்கும் சக்தி எட்டு மடங்காகும். திருப்பியும் பார்: வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒன்றாகிவிடும். 2 மீட்டர் விட்டமுள்ள விசிறியை நொடிக்கு 6 மீட்டர் காற்றில் வைத்தால் 120 வாட் கிடைக்கலாம். 3 மீட்டர் காற்றில் 15 வாட்தான், ஒரு போன் சார்ஜருக்குக் காணும். வாசலில் நின்று "காத்து நல்லா வீசுது" என்று நமக்குத் தோன்றுவது பெரும்பாலும் இந்த 3 மீட்டர் காற்றுதான். முப்பந்தலில் ஆயிரக்கணக்கில் காற்றாலை சுற்றுகிறதென்றால் அது ஆரல்வாய்மொழிக் கணவாய் காற்றைக் குவித்துத் தள்ளுவதால். அதைவிட முக்கியம், தமிழ்நாட்டில் பெரிய காற்று வைகாசியிலிருந்து ஆவணி வரைதான். உனக்குத் தட்டுப்பாடு வருவது கார்த்திகையில். தேவைப்படாத மாதத்தில் வேலை செய்து, தேவைப்படுகிற மாதத்தில் சும்மா நிற்கிற ஆளுக்கு ஏன் சம்பளம்?

காற்றும் வெயிலும் சேர்ந்து உதவுகிற இடம் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்தியாவின் 1.1 கோடி டாலர் கொடையில் கூட்டு மின்நிலையம் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டார்கள். வெயில் 1,700 கிலோவாட், காற்று 530, பேட்டரி, அதற்கும் மேல் ஆபத்துக்கு டீசல் ஜெனரேட்டர். கடலுக்கு நடுவே தட்டையான தீவு, சோளகக் காற்றும் வாடைக் காற்றும் மறிப்பில்லாமல் வீசுகிற இடம். அங்கேகூட வெயில்தான் மூன்று பங்குக்கு மேல், காற்று துணைக்கு. உன் வீட்டைச் சுற்றி மரம். காத்தாடி வைத்தால் மரத்தைவிட முப்பது அடி உயரமாகக் கம்பம் நட வேண்டும், கம்பத்துக்கு இழுவைக் கம்பி, மின்னலுக்கு எர்த்து, பேரிங் போனால் ஏறி இறக்க ஆள். அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால் ஒரு சின்ன காற்றளவு மானியை உயரமான மூங்கிலில் கட்டி, ஒரு வருஷம் நோட்டில் எழுது. நோட்டு சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். பேனலிலிருந்து வருவது டி.சி. வீட்டுக் கரண்டு நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் சுவிட்சில் பொறி வந்தால் தானே அணையும். டி.சி.யில் பொறி பிடித்தால் அணையாது, வெல்டிங் மாதிரி எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே சாதாரண எம்.சி.பி.யை அங்கே போட விடாதே. டி.சி. என்று எழுதியதைத்தான் வாங்க வேண்டும். பேட்டரிக்கு ஒட்டினாற்போல் ஃப்யூஸ், பேனல் சட்டத்துக்கு எர்த்து, தடித்த செம்புக் கம்பி. எர்த்துக் குழியைக் கோடையில் காயவிடாதே. சார்ஜ் கன்ட்ரோலர் எம்.பி.பி.டி. வகை, 50 ஆம்பியருக்குக் குறையாமல். பேனலை விடிகாலையில் கழுவு, கொதிக்கிற கண்ணாடியில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதே.

அப்புறம் மானியம். வீட்டுக்கூரை சோலாருக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் வரை தருகிறதே என்று உன் அப்பன் கேட்டான். அது மின்வாரியக் கம்பியோடு இணைந்த வீட்டுக்கு. கம்பமே இல்லாத உனக்கு வராது. அதை நம்பி யாரிடமும் முன்பணம் கொடுத்துவிடாதே.

சொல்ல மறந்தேன். வாசல் விளக்கை ஒன்றோடு நிறுத்து, அதையும் கீழ்நோக்கிக் கவிழ்த்து வை. நீ இருக்கப் போகிற அதே மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அந்த இருட்டுக்காகத்தான் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தார்கள். 1986-ல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இன்னமும் அந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. உன்னை ஒருநாள் அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

முழுசாக வாங்குவதற்கு முன்னால் ஒரு பேனலும் சின்னப் பேட்டரியும் மட்டும் வைத்து ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதத்தையும் ஓட்டிப் பார். சாயந்திரம் ஆறு மணிக்கும் விடிகாலை ஆறு மணிக்கும் பேட்டரி வோல்ட்டை எழுது. எந்த நாள் மூடம், எந்த நாள் விளக்கை முன்னாலேயே அணைத்தாய், எல்லாம் எழுது. கடைஞாயிறுக்குக் கட்டாயம் வா. நோட்டையும் கையோடு கொண்டு வா. கோயிலில் கூட்டம் குறைந்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து கணக்கை முடிப்போம், மறுநாள் வேலூரில் போய் வாங்குவோம். மல்டிமீட்டரும் கிரிம்பிங் கருவியும் நான் எடுத்துக்கொண்டு உன்னோடு மலைக்கு வருகிறேன். முட்டிவலியோடு தானும் வருவேன் என்று பெரியம்மா சொல்லிவிட்டாள், அந்த வீட்டில் முதல் விளக்கை அவள்தான் போட வேண்டுமாம்.

அன்புடன்,
பெரியப்பா