நிக்கல் பிடிக்காத முனைகள்: முலாம் பட்டறைக்குப் புதிதாக வருபவருக்கு

பீங்கான் சிப் கெபாசிட்டரின் இரு முனைகளிலும் முதலில் வெள்ளி அல்லது செம்புப் பசையைப் பூசிச் சுடுவார்கள். அதன்மேல் நிக்கல், கடைசியில் வெள்ளீயம். நடுவிலுள்ள நிக்கல் சில மைக்ரான்தான். ஆனாலும் சால்டர் உருகும்போது அடியிலுள்ள வெள்ளி அதில் கரைந்துபோகாமல் தடுப்பது அதுதான். நிக்கல் விட்டுப்போன இடத்தை வெள்ளீயம் மூடி மறைத்தாலும் அந்தச் சரக்கு பழுதானதே.

குறை தெரிந்தவுடன் தொட்டியில் ரசாயனம் சேர்க்கத் தோன்றும். அதற்கு முன், வெள்ளீயம் ஏறாத சிப்புகள் சிலவற்றை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நன்றாக வந்த பழைய லாட்டின் முலாம் ஏறாத சிப்புகளை அதே தொட்டியில் ஓட்டியும் பார்க்க வேண்டும். அவை சரியாக வந்தால் கரைசல்மீது பழியில்லை.

முனையில் கண்ணாடிபோல் மினுங்கும் வெற்றுத் திட்டுகள் இருந்தால் கோளாறு பெரும்பாலும் சூளையில். உலோகம் பீங்கானைப் பற்றிக்கொள்ளப் பசையில் கண்ணாடித் தூள் சேர்ப்பார்கள். சூடு மிஞ்சினால் அது மேலேறிப் படலமாகிவிடும். அதில் மின்சாரம் ஓடாது, நிக்கல் படியாது. ஆம்பியரைக் கூட்டினால் சுற்றிலும் தடிக்குமே தவிர திட்டு அப்படியே நிற்கும். உருட்டித் தேய்ப்பதும் அமிலக் கழுவலும் ஓரளவு உதவும். ஆனால் அமிலம் பீங்கானையும் அரிக்கும். சூளையின் வெப்பத்தைத் திருத்துவதே சரியான மருந்து.

சில சிப்புகள் முழுக்க வெறுமையாகவும் மற்றவை நன்றாகவும் இருந்தால், சிப்புகளைச் சுழற்றி முலாம் பூசும் உருளையான பேரலைப் பார்க்க வேண்டும். சிப்புகளுக்கு மின்சாரத்தைக் கடத்தும் எஃகுக் குண்டுகள் குறைவா, சரக்கு அளவுக்கு மீறி நிரம்பியதா, சிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டனவா, மின்தொடர்புக் கம்பி தேய்ந்துவிட்டதா? குண்டுகளும் மின்சாரத்தில் பங்கு கேட்கும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். சதுர டெசிமீட்டருக்கு 1 ஆம்பியர் வீதம் 1 மைக்ரான் படிய ஏறத்தாழ 5 நிமிடம் ஆகும். அந்தப் பரப்பில் குண்டுகளின் பரப்பையும் சேர்க்காவிட்டால் கணக்கு பொய்க்கும்.

எல்லாச் சிப்பிலும் மின்சாரம் குறைவாகப் பாயும் பகுதிகள் கறுத்தோ மெலிந்தோ இருந்தால்தான் கரைசலின் முறை. செம்பு, துத்தநாகக் கலப்பை ஹல் செல் என்னும் சிறு சோதனைத் தொட்டியில் முலாமிட்ட தகடு காட்டிக்கொடுக்கும். குறைந்த மின்னோட்டத்தில் வெறுந்தகட்டை ஓட்டி அந்தக் கலப்பை இழுத்துவிடலாம். சல்ஃபமேட் கரைசலில் பிஎச் 4-ஐ ஒட்டியும், போரிக் அமிலம் லிட்டருக்கு 30–45 கிராமுக்குள்ளும் இருப்பது நல்லது.

திருத்திய பின் எக்ஸ்ரே தடிமன் மானியை மட்டும் நம்பக்கூடாது. அது தருவது சராசரி. சிப்பை 260 பாகை செல்சியஸ் சால்டரில் 30 விநாடி முக்கியெடுத்தால், நிக்கல் விட்டுப்போன இடத்தில் வெள்ளி கரைந்து பீங்கான் வெளியே தெரியும்.